கம்ப்யூட்டர் நின்ற பின் கோப்புகள் எங்கே இருக்கின்றன?



பத்து ஆண்டுகள் உழைத்த மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தியும் உயிர் பெறவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிக்குங்க" என்கிறார். இந்த நிலை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஏற்பட்டிருக்கலாம். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் ஏற்படும். பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். ஆனால் அதற்குள் இருந்தவை? அக்காவின் திருமணப் படங்கள், மறைந்த பாட்டியின் குரல் பதிவு, அப்பாவின் கடைக் கணக்கு, பள்ளி ஆண்டு மலருக்காகத் தட்டச்சு செய்த பக்கங்கள் ஆகிய இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்கிறோமே, உண்மையில் அதில் எது செத்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பெரும்பாலும் தம் கோப்புகளை மீட்டுவிடுவார். தெரியாதவரோ, நல்ல நிலையில் இருந்த கோப்புகளை அவசரத்தில் தாமே அழித்துவிடுவார். எனவே விடையைத் தேடுவோம், வாருங்கள்.

கரும்பலகையும் நோட்டுப் புத்தகமும்

கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. ஒன்று ரேம். இது வகுப்பறைக் கரும்பலகையைப் போன்றது. பாடம் நடக்கும் வரை அதில் எழுதுவதும் அழிப்பதுமாக வேலை விரைவாக நடக்கும். ரேமில் செய்திகள் மிக நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாக நிற்கின்றன. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ஒரு வினாடிக்குள் பலமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். நீங்கள் சேமிக்காமல் வைத்திருந்த கட்டுரை மின்வெட்டில் மறைந்து போவது இதனால்தான்.

மற்றொன்று ஹார்டு டிஸ்க். இது நோட்டுப் புத்தகத்தைப் போன்றது. விளக்கை அணைத்தால் நோட்டில் எழுதியது அழிந்து விடுமா? அழியாது. டிஸ்க்கில் எழுதியதும் அப்படியே. படங்கள், பாடல்கள், கடிதங்கள் முதலியன எல்லாம் இருப்பது இங்கேதான். இதைப் படிக்கத்தான் மின்சாரம் வேண்டும். அழியாமல் வைத்திருக்க மின்சாரம் வேண்டியதில்லை.

சுழலும் தட்டுகள்

ஹார்டு டிஸ்க் முதன்முதலில் 1956-இல் வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவனம் செய்த அந்த டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படங்களில் ஒன்றிரண்டுக்கே அந்த இடம் போதாது. அளவு இவ்வளவு மாறினாலும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கினுள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேல் கோபால்ட் கலந்த உலோகக் கலவை மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கிறது. இப்படலம் எண்ணற்ற நுண்ணிய காந்த மணிகளால் ஆனது. எழுதும் முனை அவற்றை ஒரு திசையிலோ அதற்கு எதிர்த் திசையிலோ காந்தமாக்குகிறது. காந்தத் திசை எங்கெங்கே மாறுகிறது என்பதைப் படிக்கும் முனை உணர்ந்து, 1, 0 என்னும் இலக்கங்களாக மாற்றித் தருகிறது. இத்தனை சிறிய காந்தங்களை உணர உதவிய பெருங்காந்தத் தடை விளைவைக் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தட்டுகளின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பல நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது வினாடிக்கு 120 சுற்றுகள். தட்டின் விட்டம் ஏறக்குறைய 95 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 30 செ.மீ. எனவே விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வினாடிக்கு 36 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 130 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தட்டின் சுழற்சியால் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு! புகைத் துகள்கூட அந்த இடைவெளியில் நுழைய முடியாத பாறாங்கல் ஆகும். ஹார்டு டிஸ்க்கின் மூடியை வீட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க்

காந்தப் பதிவு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு துயரமான நிகழ்ச்சி சான்றாக உள்ளது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. அதில் அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் சென்றனர். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே, ஏறத்தாழ 60 கி.மீ. உயரத்தில் விண்கலம் சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர்.

அவர்கள் செய்த ஆய்வுகளில் ஒன்று செனான் வாயுவைப் பற்றியது. அசையாமல் நிற்கும் தக்காளி சாஸ், பாட்டிலைக் குலுக்கியதும் இளகி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நீர்மமா வாயுவா என்று பிரித்தறிய முடியாத மாறுநிலைப் புள்ளியை ஒட்டி, செனானும் கலக்கும்போது இப்படி இளகுகிறதா என்பதே ஆய்வு. தரையில் அந்நிலையில் செனான் தன் எடையாலேயே அழுந்தி, அடிப்பகுதி அடர்ந்துவிடும். ஆகவே எடையற்ற விண்வெளியில்தான் இதைச் செம்மையாக அளக்க முடியும். அளவீடுகளில் ஒரு பகுதி வானொலி அலை மூலம் பூமிக்கு வந்துவிட்டது. மீதம் விண்கலத்திலிருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே இருந்தது.

சில மாதங்களுக்குப் பின், வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் கிடைத்த சிதைவுகளில் அந்த டிஸ்க்கும் இருந்தது. பார்ப்பதற்கு அது கருகிய உலோகக் கட்டி. மின்சுற்றுகள் எரிந்து போயிருந்தன. தூசி புகாமல் காக்கும் அடைப்பு உருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. கிரோல் ஆன்ட்ராக் என்னும் தகவல் மீட்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் அதைத் திறந்தார்கள். தட்டுகளில் கீறல்களும் குழிகளும் இருந்தாலும் அவை வளைந்து போகவில்லை. தட்டுகளை வேதிக் கரைசலால் தூய்மை செய்து, புதிதாக அமைத்த டிஸ்க் ஒன்றில் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ 99 சதவீதச் செய்திகள் கிடைத்தன! ஆய்வு முடிவு 2008-இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ ஈ' என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. உயிரைக் கொடுத்தவர்கள் செய்த வேலை வீண் போகவில்லை.

இது எப்படி முடிந்தது? ஒன்று, காந்தப் பதிவு மின்சுற்றோடு சேர்ந்து சாகவில்லை. இரண்டு, அந்த டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அதை இயக்கிய டாஸ் இயங்குதளம் கோப்புகளைச் சிதறவிடாமல் ஒரே பக்கமாக எழுதியிருந்தது. சேதமோ பெரும்பாலும் எழுதப்படாத பகுதியில் விழுந்திருந்தது. மூன்று, கிடைத்தவுடன் யாரும் அதில் மின்சாரம் செலுத்தி ஓட்டிப் பார்க்கவில்லை. நேராக வல்லுநரிடம் கொடுத்தார்கள். எனினும் எல்லா டிஸ்க்கும் பிழைக்கவில்லை. அதே விண்கலத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க்கே பேசியது என்றால், மேசை மேல் நின்றுபோன டிஸ்க் பேசாதா? இனி நம் வீட்டுக் கம்ப்யூட்டரிடம் வருவோம்.

நோய் எந்த உறுப்பில்?

மருத்துவர் நாடி பார்ப்பது போல் முதலில் அறிகுறிகளைப் பாருங்கள்.

1. பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. இதில் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மீது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது இந்தப் பெட்டிதான். இது போனால் இதை மட்டும் மாற்றினால் போதும், கம்ப்யூட்டரே பிழைத்துவிடலாம்.

2. விசிறி சுழல்கிறது, திரை இருட்டாகவே இருக்கிறது. ரேம் பட்டை தளர்ந்திருக்கலாம். அதன் பித்தளை நிறத் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். பட்டையைக் கழற்றி, முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்துவது பழுது பார்ப்பவர்கள் கையாளும் எளிய வழி. அதிலும் பயனில்லை என்றால் மதர்போர்டு பழுதாகியிருக்கலாம். அதன் மேல் உள்ள உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்.

3. திரையில் எழுத்துகள் வருகின்றன, ஆனால் இயங்குதளம் தொடங்கவில்லை. டிஸ்க்கோ, அதிலுள்ள இயங்குதளமோ பழுது. இயங்குதளம் மட்டும் கெட்டிருந்தால், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி, கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம்.

4. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சீரான ஓசை வருகிறது. படிக்கும் முனை வழி தெரியாமல் தடுமாறுகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் முனை தட்டைச் சுரண்டக்கூடும். இதற்குமேல் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கோப்புகள் விலைமதிப்பற்றவை என்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

முதல் இரண்டு அறிகுறிகளிலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். பெட்டி செத்தது, நோட்டுப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்ச அளவு 325 வோல்ட். அந்த அளவு மின்னூட்டம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி இணைத்தல்

டிஸ்க் நலம் என்று தோன்றினால் அதைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் இணைக்கலாம். முதலில் பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை வெளியேற்றுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகுகளையும் இரண்டு கேபிள்களையும் கழற்றினால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். கேபிள்களில் ஒன்று செய்திக்கு, மற்றொன்று மின்சாரத்துக்கு. 2003-க்குப் பின் பரவிய சாட்டா வகையானால் செய்திக் கேபிள் குறுகலாக 7 தொடுமுனைகளுடன் இருக்கும். அதற்கு முந்திய ஐ.டி.இ. வகையானால் 40 முனைகளுக்கான அகலமான பட்டைக் கேபிள் இருக்கும். இன்றைய மதர்போர்டுகளில் ஐ.டி.இ. இணைப்பு கிடையாது, ஆனால் இரண்டு வகைக்கும் யு.எஸ்.பி. மாற்றிகள் கடைகளில் கிடைக்கின்றன.

மாற்றி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ட்தான். எனவே தனி மின்சார அடாப்டருடன் கூடிய மாற்றியைத்தான் வாங்க வேண்டும். மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டே போதும்.

இணைத்ததும் பெரும்பாலும் பழைய கோப்புகள் அப்படியே தெரியும். சில கோப்புறைகளைத் திறக்க அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்லலாம். பயப்பட வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் உங்கள் கணக்குக்கு இருந்த அடையாள எண் வேறு, புதியதில் உள்ள எண் வேறு, அவ்வளவுதான். நிர்வாகி உரிமையுடன் தொடர்ந்தால் கதவு திறக்கும்.

டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் நிலைமை வேறு. பிட்லாக்கர் என்னும் பூட்டின் திறவுகோலைப் பாதுகாக்கும் சில்லு பெரும்பாலும் பழைய மதர்போர்டில்தான் இருக்கும். போர்டு போனால் அதுவும் போயிற்று. அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அந்த எண் இல்லாமல் பூட்டைத் திறக்க வழியில்லை. உங்கள் இன்றைய கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைத் தேடித் தாளில் எழுதி வைப்பது நல்லது.

அழித்தது அழிந்ததா?

சில சமயம், இணைத்தவுடன் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். கடையிலும் சிலர், "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் ஏத்திடலாம் தம்பி, புதுசு மாதிரி ஓடும்" என்பார்கள். இரண்டு இடத்திலும் உங்கள் விடை ஒன்றுதான்: "வேண்டாம்." ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பெரிய நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்பது பட்டியலில் இருக்கிறது. டிஸ்க்கிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் கம்ப்யூட்டர் பட்டியலில் மட்டும் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. விரைவு ஃபார்மட் செய்தால் பழைய பட்டியலின் இடத்தில் வெறும் பட்டியல் வருகிறது. புத்தகங்கள் அப்போதும் இருக்கின்றன. ஆனால் அதன் மேல் புதிய இயங்குதளத்தை ஏற்றினால், 'காலி' என்று குறித்த அலமாரிகளில் பல கிகாபைட் புதுச் சரக்கு வந்து உட்காருகிறது. முன்பிருந்த காந்தத் திசைகள் மாறிவிடுகின்றன. அப்படி மேலெழுதப்பட்டதை யாராலும் மீட்க முடியாது. முழு ஃபார்மட்டும் அப்படியே. 2007-இல் வந்த விஸ்டா முதல் விண்டோஸ் முழு ஃபார்மட்டில் டிஸ்க் முழுதும் சுழியங்களை எழுதுகிறது.

ஆகவே மீட்பின் முதல் விதி: பழைய டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாதே. மீட்டதைச் சேமிப்பதும் வேறொரு டிஸ்க்கில்தான்.

பட்டியல் சிதைந்திருந்தால் முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில் தேடுவது வல்லுநர் முறை. 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் பிரதி செய்துவிட்டு, பழுதான பகுதிகளைக் கடைசியாக முயல்கிறது. டிஸ்க் நடுவில் நின்றுவிட்டாலும் பெரும்பகுதி கையில் இருக்கும் அல்லவா? 500 கிகாபைட் டிஸ்க்கை வினாடிக்கு 100 மெகாபைட் வீதம் படித்தால் 5,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 83 நிமிடம் ஆகும். பொறுமை வேண்டும்!

அதன் பின் 'ஃபோட்டோரெக்' போன்ற மென்பொருள் பட்டியலைப் பாராமல் நேராக அலமாரிகளைத் துழாவுகிறது. அட்டை கிழிந்த புத்தகத்தையும் முதல் வரியைக் கொண்டு அடையாளம் காண்பது போல இது. ஒவ்வொரு ஜேபெக் படமும் 255, 216 என்னும் இரு எண்களுடன் தொடங்கும். 255, 217 என்னும் எண்களுடன் முடியும். மென்பொருள் இந்த அடையாளத்தைத் தேடிப் படத்தைப் பிரித்தெடுக்கிறது. படம் வரும், ஆனால் அதன் பழைய பெயர் வராது, ஏனெனில் பெயர் பட்டியலில்தான் இருந்தது. படம் பல துண்டுகளாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வகையில் இந்த வாய்ப்பு குறைவு. அங்கே செய்தி சில்லுகளுக்குள் மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை அழித்ததுமே, அந்த இடம் தேவையில்லை என்று இயங்குதளம் சொல்லிவிடும், எஸ்.எஸ்.டி. தானாகவே அதைத் துடைத்துவிடும்.

கோப்பு கிடைத்தது, படிக்க முடியவில்லையே!

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டியின் கதைகளை 2002-இல் தட்டச்சு செய்த கோப்பு முழுசாகக் கிடைக்கிறது. திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்! கோப்பு கெட்டுவிட்டதா? இல்லை.

கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கிறது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களையே கடன் வாங்கின. பாமினி என்னும் எழுத்துருவில் 'அ' சேமிக்கப்படுவது 109 என்ற எண்ணாக. அந்த எண் ஆங்கில 'எம்' எழுத்துக்கு உரியது. பாமினியில் 'அம்மா' என்று தட்டிய சொல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாகத் தோன்றும். இப்படி ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு முறை இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்னும் தரங்கள் அறிவிக்கப்பட்டன. யுனிகோடில் 1991-இலேயே தமிழுக்குத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் 'அ'வின் எண் 2949. தமிழ்நாடு அரசு 2010-இல் யுனிகோடை ஏற்றது.

எனவே பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது, அதன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்களையும் மறவாமல் பிரதி செய்யுங்கள். அவற்றைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவினால் பாட்டியின் கதை மீண்டும் தமிழாகத் தெரியும். பின்னர் எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.

புதியது வந்த பிறகு

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது பழைய திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவை நன்றாக இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம். கோப்புகளை மாற்றிய பின், பழைய டிஸ்க்கைச் சில மாதங்கள் பத்திரமாக வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஒன்று பிறகுதான் நினைவுக்கு வரும்.

பெட்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன்னும் மேலே கற்ற பாடத்தை நினையுங்கள். அழித்த கோப்பை நீங்கள் மீட்க முடியுமானால், டிஸ்க்கை வாங்குகிறவரும் மீட்கலாம்! எனவே டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி அழித்த பிறகே கைவிட வேண்டும். ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் உள்ளே இருப்பதால், பழைய பெட்டியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்தில் கொடுப்பதே முறை.

மீட்ட கோப்புகளை மறுபடியும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெள்ளம் வந்தாலும் திருட்டு நடந்தாலும் மூன்றும் ஒன்றாகப் போகா.

செய்து பாருங்கள்

ஒரு தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால் ஒரே திசையில் முப்பது முறை தேயுங்கள். ஊசியை ஒரு சிறு காய்ந்த இலையின் மேல் வைத்து நீரில் மிதக்க விடுங்கள். அது திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அப்போதும் நிற்கும். மின்சாரமில்லாமல் நிற்கும் நினைவு இதுவே.

இப்போது பெரியவர் ஒருவர் உதவியுடன் ஊசியை இடுக்கியால் பிடித்து, அடுப்பின் தீயில் நன்கு சிவக்கும் வரை காய்ச்சி, ஆறியபின் மிதக்க விடுங்கள். முன்போல் விரைந்து திரும்புகிறதா? இரும்பு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் தன் காந்தத் தன்மையை இழக்கும். இதைக் கியூரி வெப்பநிலை என்பர். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு.

விடை காணுங்கள்

1. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் டிஸ்க் வினாடிக்கு எத்தனை முறை சுழலும்? அதன் தட்டின் விட்டம் 65 மி.மீ. என்றால் விளிம்பின் வேகம் என்ன?

2. 1 டெராபைட் டிஸ்க்கை வினாடிக்கு 80 மெகாபைட் வீதம் பிரதி எடுக்க எத்தனை மணி நேரம் ஆகும்? (1 டெராபைட் = 10,00,000 மெகாபைட் எனக் கொள்க.)

3. கொலம்பியாவின் டிஸ்க் பாதி காலியாக இராமல் முழுதும் நிரம்பியிருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும்?

4. உங்கள் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மட் செய்யப் போகிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? காரணங்களுடன் எழுதுங்கள்.